டைகர் டாங்கிக்கு ஸ்டீல் கியர்பாக்ஸ்: ஆறு மாதம் ஓட்டிய பிறகு

கடகடவென்று ஒரு சத்தம். இடது டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) நின்றுவிட்டது. வலது மட்டும் ஓட, என் 1/16 அளவு ஆர்சி டைகர் (ரிமோட்டில் ஓடும், இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியின் மாதிரி) கார்ப்பெட்டில் வட்டமடித்தது. திறந்து பார்த்தால் ஒரு பல்சக்கரத்தில் வரிசையாக நாலு பல்லைக் காணோம். பெட்டியில் 'மெட்டல் கியர்' என்று போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். மெட்டல்தான், பொய்யில்லை. ஆனால் அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், ஒடிந்த சாக்பீஸ் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

தப்பு என் பேரிலும் உண்டு. பிளாஸ்டிக் டிராக்கைக் கழற்றிவிட்டு கனமான மெட்டல் டிராக் மாட்டியவன் நான்தான். டாங்கியில் திரும்பும் சக்கரம் கிடையாது. ஒரு பக்க டிராக் முன்னேயும் மறு பக்கம் பின்னேயும் ஓடித்தான் நின்ற இடத்தில் திரும்பும். அப்போது தரையில் படிந்திருக்கும் டிராக் முழுவதும் பக்கவாட்டில் தேயும். நேராக ஓடும்போது தெரியாத பாரமெல்லாம் அந்தத் திருப்பத்தில் பல்லின் மேல் வந்து விழும். கார்ப்பெட்டில் கேட்கவே வேண்டாம், நார் வேறு பிடித்து இழுக்கும். நான் அதைத்தான் விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

சரி, ஸ்டீல் கியரும் பால் பேரிங்கும் உள்ள கியர்பாக்ஸ் ஜோடி ஒன்று வாங்கலாம் என்று இறங்கினால், 3:1 வேண்டுமா 4:1 வேண்டுமா என்ற கேள்வி. மோட்டாரின் சுற்றை எத்தனை மடங்கு குறைக்கிறது என்று சொல்வதாகத் தோன்றும் எண் அது. அந்த எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நிஜ டைகர் சாலையில் மணிக்கு சுமார் 38 கி.மீ. ஓடியது. 16-ஆல் வகுத்தால் 2.4 கி.மீ. கூட வராது, அதாவது நாம் நடக்கும் வேகத்தில் பாதி. என் டாங்கியின் ஸ்ப்ராக்கெட் (டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்) ஒரு சுற்றுக்கு 16 செ.மீ. நகர்த்துகிறது. அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 250 சுற்று போதும். 380 வகை மோட்டார் 15,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், உண்மையில் தேவைப்படும் குறைப்பு ஏறக்குறைய 60:1. ஆக, 3 என்றால் வேகம், 4 என்றால் நிதானமும் இழுவையும், அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். மெட்டல் டிராக் போட்டவர்கள் 4-ஐ எடுங்கள். நண்பரின் 3:1 டைகரை ஓட்டிப் பார்த்தேன். 57 டன் வண்டி எலி மாதிரி ஓடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வந்ததும் பொருத்திவிடவில்லை. மூடியைத் திறந்து, தாராளமாக அப்பியிருந்த கிரீஸைக் கழுவினேன். துணியில் துடைத்தபோது மினுமினுவென்று இரும்புத் தூள் வந்தது. அதோடு ஓட்டியிருந்தால் கிரீஸே உப்புத்தாள் வேலை செய்திருக்கும். புது லித்தியம் கிரீஸை மெல்லத் தடவி, 3 வோல்ட்டில் இரண்டு திசையிலும் அரை மணி நேரம் சும்மா சுற்றவிட்டேன். திருகு துளைகள் சரியாகப் பொருந்தின. மோட்டாரின் பின்பக்கம் மட்டும் பேட்டரித் தட்டில் இடித்தது, கொஞ்சம் அரம் போட வேண்டியிருந்தது. வாங்குவதற்கு முன் வெளியே நீளும் அச்சின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். டைகருக்கு டிராக்கை இழுக்கும் சக்கரம் முன்னால், சோவியத் டாங்கியான டி-34-க்குப் பின்னால். பெட்டி ஒரே மாதிரி தெரிந்தாலும் அச்சு பொருந்தாமல் போகும்.

முதல் ஓட்டத்தில் இடது பக்கம் இழுத்தது. கியர்பாக்ஸைத் திட்டினேன். இரண்டு மோட்டாரையும் இடம் மாற்றிப் போட்டேன், அப்போதும் அதே இடது பக்கம்தான். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு கியர்பாக்ஸும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர், அதனால் டாங்கி நேராகப் போகும்போது ஒரு மோட்டார் வலஞ்சுழி, இன்னொன்று இடஞ்சுழி. பிரஷ் டைமிங் (மோட்டாருக்குள் மின்சாரம் தரும் பிரஷ்களின் கோணம்) ஒரு திசைக்குச் சாய்த்து வைக்கப்பட்ட மோட்டாரானால் மறு திசையில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். கூட வந்த மோட்டார்கள் அந்த ரகம். டைமிங் நடுவில் இருக்கும் ஜோடி ஒன்றைப் போட்டதும் கோடு போட்ட மாதிரி ஓடுகிறது. வாங்கியதில் எனக்குப் பிடிக்காதது இந்த மோட்டார்களும், முழு வேகத்தில் ஸ்பீக்கரின் இன்ஜின் உறுமலையும் மீறிக் கேட்கும் கீச்சுச் சத்தமும்தான். சத்தம் முதல் மாதத்தை விடக் குறைந்திருக்கிறது, போகவில்லை.

இன்னொன்று: டிராக்கில் ஏதாவது சிக்கினால் உடனே ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். முன்பு பல் உடைந்து மோட்டார் தப்பித்தது. இப்போது பல் விட்டுக்கொடுக்காது, சூடாவது மோட்டாரும் அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டும்.

ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தேன், பற்களில் லேசான பளபளப்பு தவிர ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் இருக்கும் ஐட்லரின் (டிராக்கை இழுத்துப் பிடிக்கும், மோட்டார் இல்லாத சக்கரம்) அச்சு கொஞ்சம் வளைந்திருக்கிறது. பாரம் அங்கே போய்விட்டது போல. அதற்கும் ஸ்டீல் அச்சு தேட ஆரம்பித்துவிட்டேன்.