ரிம்மில் வெயிட்டா, டயருக்குள் மணியா: பெரிய டயர் போட்ட ஜீப்புக்கு எது?

தார், குர்கா மாதிரி வண்டிகளில் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 மட் டெரெய்ன் (சேற்றுக்கான பெரிய டயர்) போட்டவர்களின் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது. சக்கரத்தின் பளு சுற்றிலும் சமமா என்று பார்க்கும் பேலன்ஸிங் மெஷினில் ஏற்றினால் ஒரு பக்கத்துக்கே நூறு கிராமுக்கு மேல் வெயிட் கேட்கும். கடைக்காரர் கிராம் கணக்கில் பில் போடுவார், ரிம்மின் உள்பக்கம் வெயிட் வரிசையாக ஒட்டியிருக்கும். ரெண்டு தடவை சேற்றில் இறங்கி வந்தால் அதில் பாதி இருக்காது. இந்த இடத்தில்தான் யாராவது, "பீட்ஸ் போட்டுப் பாருங்க" என்பார்கள்.

பீட்ஸ் என்பது கடுகளவு கண்ணாடி அல்லது செராமிக் மணிகள். 35 இன்ச் டயருக்குச் சுமார் 8 அவுன்ஸ், அதாவது 225 கிராம் போல, உள்ளே கொட்டிவிடுவார்கள். டயர் மாட்டும்போதே போடலாம், வால்வு வழியாகவும் இறக்கலாம். வண்டி ஓடும்போது மணிகள் தாமாகவே பளு குறைந்த பக்கம் போய் உட்கார்ந்து சமன் செய்துவிடும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. அது பொய்யில்லை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பாக்கெட்டில் பெரிதாகப் போடமாட்டார்கள்.

ஒரு பக்கம் பளு கூடிய சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது பளுவான பக்கம் வெளியே தள்ளும். அப்போது மணிகளும் அதே பக்கம்தான் ஒதுங்கும், ஆட்டம் கூடும். சக்கரமும் ஆக்ஸிலும் சேர்ந்து மேலும் கீழும் குதிக்க ஓர் இயல்பான வேகம் இருக்கிறது. சக்கரம் சுற்றும் வேகம் அதைத் தாண்டிய பிறகுதான் நிலைமை தலைகீழாகும், மணிகள் எதிர்ப்பக்கம் போகும். இந்தக் குதிக்கும் வேகம் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 தடவை. இப்போது கணக்குப் போடுங்கள். 285/70 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.6 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பத்தரைச் சுற்று சுற்றும். மணிகள் ஒழுங்காக வேலை செய்யத் தாண்ட வேண்டிய கோட்டின் மேலேயே நின்றுகொண்டு ஓட்டுகிறோம் என்று அர்த்தம். டயர் பெரிதாகப் பெரிதாக அதே வேகத்தில் சுற்று இன்னும் குறையும். "பெரிய டயருக்குத்தான் பீட்ஸ்" என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒருவர் "போட்டேன், வெண்ணெய் மாதிரி போகுது" என்பதும், இன்னொருவர் மூன்றாம் நாளே வெளியே கொட்டிவிடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். சஸ்பென்ஷன், ஆக்ஸில் எடை, டயர் காற்று எல்லாம் அந்தக் கோட்டை வண்டிக்கு வண்டி நகர்த்துகின்றன.

ரிம் வெயிட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 40-லும் 120-லும் அது ஒட்டிய இடத்தில்தான் இருக்கும். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு தளத்திலும் வைக்கலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. அகல டயரில் உள்விளிம்பு ஒரு திசையில் கனமாகவும், வெளிவிளிம்பு எதிர்த்திசையில் கனமாகவும் இருந்தால் சக்கரம் குதிக்காது, இடவலமாக உதறும். மணிகள் டயரின் நடுவாட்டத்தில் பரவிக் கிடப்பவை என்பதால் இந்த உதறலை அவற்றால் பெரிதாகக் கட்டுப்படுத்த முடியாது. மணிகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. ரிம்மைவிட வெளியே, சக்கரத்தின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட இரு மடங்கு தூரத்தில் இருப்பதால், ரிம்மில் 50 கிராம் செய்யும் வேலையை அங்கே 27 கிராம் செய்துவிடும். அந்த 50 கிராம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்கிறீர்களா? 100 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட 5 கிலோ விசை, நொடிக்குப் பத்துத் தடவை சக்கரத்தை இழுக்கும்.

சரி, சாலையை விட்டு இறங்குவோம். இங்கே வெயிட் பலவீனம்தான். ஸ்டீல் ரிம்மின் விளிம்பில் தட்டி மாட்டும் கிளிப் வெயிட்டைக் கல் அடித்துக் கழற்றிவிடும். அலாயில் ஒட்டும் வெயிட்டைக் கரிசல் மண் காய்ந்து உரியும்போது கூடவே எடுத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் ஒட்டும் விதத்தில்தான் கோளாறு. ரிம்மின் உள்பக்கத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து, ஈரம் போனபிறகு அழுத்தி ஒட்டி, மேலே ஒரு சுற்று அலுமினிய டேப் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ஆனால் மணிகளின் பாடு இங்கே இன்னும் மோசம். மணல்மேட்டில் இறங்கும்முன் காற்றை 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்குவோம். வால்வுக்குள் இருக்கும் பின்னையே கழற்றிவிடும் வேகமான டிஃப்ளேட்டர் (காற்று இறக்கும் கருவி) வைத்திருந்தால் காற்றோடு மணிகளும் பீறிட்டு வரும். சாதாரண பின்னை அழுத்தி இறக்கினாலும், ஒரே ஒரு மணி அதன் சீட்டில் மாட்டினால் போதும், இரவெல்லாம் காற்று கசியும். இதற்காகவே பாக்கெட்டோடு சல்லடை வைத்த வால்வு பின் தருகிறார்கள். அதைப் போட்டால் கசிவு நிற்கும், டிஃப்ளேட்டரின் வேகம் போய்விடும்.

அப்புறம் ஈரம். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரை யார் தினமும் வடிக்கிறார்கள்? அந்த ஈரக்காற்று உள்ளே போனால் மணிகள் கட்டியாகி ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். சமன் செய்யப் போட்டதே சமன் கெடுக்கும். பஞ்சர் சீலன்ட் ஊற்றிய டயருக்குள் மணிகள் போடுவது வீண். டயரைக் கழற்றினால் மணிகள் தரையெல்லாம் உருளும், பொறுக்கி அள்ளித் திரும்பப் போட வேண்டும். இன்னொன்று, மணி போட்ட சக்கரத்தைப் பேலன்ஸிங் மெஷினில் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எண் காட்டும். விஷயம் தெரியாத கடையில் உங்கள் ரிம் வளைந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வளைந்த ரிம்மும் உருண்டை கெட்ட டயரும் நிஜமாகவே இருக்கின்றன என்பது தனிக்கதை. ஜாக்கி போட்டுத் தூக்கி, டயர் பட்டனுக்கு (தரையில் படும் கட்டைகளுக்கு) ஒட்டினாற்போல் ஒரு குச்சியை நிறுத்தி, கையால் சுற்றிப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வெயிட்டும் மணியும் உதவாது. டயர்மேல் உருளையை அழுத்திப் பார்க்கும் ரோடு ஃபோர்ஸ் மெஷின் உள்ள கடையில் டயரை ரிம்மில் வேறு கோணத்துக்குத் திருப்பி மாட்டிப் பார்க்க வேண்டும். ஜிம்னி மாதிரி முன்பக்கமும் முழு ஆக்ஸில் உள்ள வண்டி திடீரென்று பயங்கரமாக உதறினால், முன்சக்கரம் திரும்பும் கிங்பின் பேரிங், ஆக்ஸிலை இடவலம் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராட் புஷ் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த உதறலை மணிகள் கொஞ்சம் மறைத்து வைக்கும் என்பதுதான் எனக்குப் பயம்.

ஈயம் இல்லாதது மணிகளின் நல்ல குணம். ஆனால் வெயிட்டும் இப்போது துத்தநாகத்திலும் இரும்பிலும் கிடைக்கிறது.

என் கணக்கில், வாரநாளில் அலுவலகம், மாதம் ஒரு தடவை காடு என்று ஓடும் வண்டிக்கு ரிம் வெயிட்தான். மெஷின் காட்டும் எண் அளவுக்கு மீறிப் போனால் வெயிட்டை அடுக்காமல் டயரைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். மணிகளுக்கு நான் ஓட்டுப் போடுவது ஒரே இடத்தில்: டயர் விளிம்பை வளையம் வைத்து போல்ட் போட்டு இறுக்கும் பீட்லாக் ரிம். அதில் வெயிட் மாட்ட ஒழுங்கான வெளிவிளிம்பு இல்லை, அந்த வண்டி நெடுஞ்சாலையில் பறக்கவும் போவதில்லை, அதனால் ஆட்டம் மிச்சமிருந்தாலும் பெரிதாகத் தெரியாது. அப்போதும் கண்ணாடி அல்லது செராமிக்தான். அமெரிக்க ஜீப்காரர்கள் சிலர் பொம்மைத் துப்பாக்கியின் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகளைக் கொட்டுகிறார்கள். மலிவுதான், ஆனால் மக்கும் வகையை வாங்கிவிட்டால் உள்ளேயே தூளாக வாய்ப்புண்டு. எதைப் போட்டாலும் வால்வு பக்கத்தில் ரிம்மின் மேல் பெயின்ட் மார்க்கரால் "உள்ளே மணி" என்று எழுதி வையுங்கள், ஸ்டெப்னியிலும்.