மதுரையில் பழகிய கண்ணும் பிரிட்டன் தியரி டெஸ்ட்டும்

மதுரையில் பதினோரு ஆண்டு கார் ஓட்டியவள் நான். மாட்டுத்தாவணியில் பஸ்களுக்கு நடுவே புகுந்து வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு தேர்வா என்ற மிதப்பில்தான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஓட்டுநர் உரிமத்துக்கான தியரி டெஸ்ட்டுக்குப் படிக்கத் தொடங்கினேன். இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். பிறகு பழகுநர் உரிமம், கணினியில் எழுதும் தியரி, வண்டி ஓட்டிக் காட்டும் சாலைத் தேர்வு என்று அரிச்சுவடியிலிருந்து வரவேண்டும். தியரிக்கு மட்டும் ஏழு மாதம் ஆனது. ஒருமுறை தோற்றேன்.

தேர்வு இரண்டு பகுதி. 57 நிமிடத்தில் 50 கேள்விகள், 43 சரியாக இருக்கவேண்டும். அடுத்தது ஆபத்தை இனங்காணும் பகுதி: 14 வீடியோக்கள், ஆபத்தைக் கண்டதும் மௌஸை அழுத்தவேண்டும், 75க்கு 44 எடுக்கவேண்டும். ஒன்றில் தவறினாலும் கட்டிய 23 பவுண்ட் போனது போனதுதான். இரண்டையும் மறுபடி எழுதவேண்டும்.

முதல் இரண்டு மாதம் ஓர் இலவசச் செயலியை நம்பினேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஒரு மாதிரித் தேர்வு. விரைவிலேயே ஐம்பதுக்கு ஐம்பது வந்தது, தலைகால் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: கேள்வியைப் படிக்காமலே விடையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பச்சை வேன் படம் வந்தால் மூன்றாவது விடை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அதில் இருந்தவை பழைய கேள்விகள். சந்திப்பில் திரும்பும்போது, சாலையைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிடவேண்டும் என்பது 2022 ஜனவரியில் வந்த மாற்றம். கடக்கத் தொடங்கியவருக்கு வழிவிட்டால் போதும் என்றே அந்தச் செயலி சொல்லிக்கொண்டிருந்தது. அன்றே நீக்கிவிட்டேன்.

பிறகு பிரிட்டனின் சாலை விதிகள் அடங்கிய ஹைவே கோட் புத்தகத்தை வாங்கி இரவில் இரண்டிரண்டு பக்கமாகப் படித்தேன். தெரியாத விதிகள் எளிதில் ஏறிவிட்டன. வேறு மாதிரி தெரிந்திருந்தவைதான் மண்டையில் முரண்டு பிடித்தன. ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் நம் ஊரில் 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று பொருள். இங்கே 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே அடிக்கலாம் என்கிறது புத்தகம். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை, வேறொருவரால் ஆபத்து வந்தால் தவிர, ஹாரனே கூடாதாம். என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன், நம்ப மறுத்தார்.

வண்டி நிற்கத் தேவைப்படும் தூரங்களை மனப்பாடம் செய்யத் திணறியபோது ஒரு கணக்கு உதவியது. மணிக்கு 20 மைல் என்றால் 2ஆல் பெருக்கு, 30ஐ இரண்டரையால், 40ஐ 3ஆல், இப்படியே அரை அரையாகக் கூட்டிக்கொண்டு போனால் 70ஐ நாலரையால். விடை அடியில் வரும்: 40, 75, 120, கடைசியில் 315. மீட்டரில் கேட்டால் 3.3ஆல் வகுக்கவேண்டும். தோசை திருப்பும் நேரத்தில் சொல்லிச் சொல்லியே பதிந்துவிட்டது.

முதல் தேர்வில் கேள்விப் பகுதியில் 46 வந்தது. வீடியோவில் 39. பதினோரு ஆண்டு ஓட்டியவளுக்கு ஆபத்து தெரியவில்லையாம்!

காரணம் புரிய மூன்று வாரமானது. பணம் கொடுத்து வாங்கிய பயிற்சி வீடியோ ஒன்றில் நடைபாதையில் ஒரு சிறுவன் நிற்கிறான். அவனைப் பார்த்த கணமே மௌஸை அழுத்திவிட்டேன். மதுரையில் அப்படித்தான் ஓட்டமுடியும். நிற்பவன் எப்போதும் பாயக்கூடும். ஆனால் மதிப்பெண் கணக்கு தொடங்குவது அவன் காலைச் சாலைப் பக்கம் எடுத்துவைக்கும் நொடியில். அப்போது அழுத்தினால் 5, தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். அதற்கு முன்பே அழுத்தியதற்கு ஒன்றும் இல்லை. பயந்துபோய் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அந்த வீடியோவுக்கு மொத்தமாகச் சுழியம்.

மாடிவீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் வழி சொன்னார். "சந்தேகம் வந்ததும் ஒருமுறை அழுத்துங்கள், அது ஆபத்தாக மாறும்போது இன்னொருமுறை அழுத்துங்கள், பிறகு கையை எடுத்துவிடுங்கள்." அவர் 2011இல் எழுதியபோது ஹெட்போனில் கேள்விகளைத் தமிழிலேயே வாசித்தார்களாம். 2014 ஏப்ரலில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். "நீங்கள் மூன்று வருடம் முன்பே வந்திருந்தாலும் கிடைத்திருக்காது" என்று சிரித்தார்.

தேர்வு மையத்தில் கைக்கடிகாரம் வரை லாக்கரில் வைக்கவேண்டும். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பழகுநர் உரிம அட்டையை மறந்தால் தேர்வும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு பகுதிக்கும் நடுவே மூன்று நிமிட இடைவேளை கேட்டுப் பெறலாம். முதல்முறை வீறாப்பில் வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். 48, 57.

தேறியதற்கான கடிதம் இரண்டு ஆண்டு செல்லும். அதற்குள் சாலைத் தேர்வை முடிக்கவேண்டும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. குறுகலான தெருவில் எதிரே வந்த லாரி நின்று, ஹெட்லைட்டை இருமுறை அடித்து 'நீங்கள் போங்கள்' என்றது. எங்கள் ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு நகர்த்தினார். காலையில் நான் எழுதிய தேர்வில் இருவருக்கும் ஒரு மதிப்பெண் போயிருக்கும்.