மருத்துவச் செலவுக்குச் சேமிக்க: ஆட்டோ டெபிட்டா, எஸ்எம்எஸ் நினைவூட்டலா?

சம்பளம் மாதாமாதம் ஒரே தேதியில் வருகிறவர்கள் ஆட்டோ டெபிட் (குறித்த தேதியில் வங்கியே கணக்கிலிருந்து பிடித்துச் சேமிப்பில் போடுவது) போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். என் வரவு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது, அதனால் இரண்டையும் பார்த்துவிட்டு எஸ்எம்எஸ் பக்கம் வந்துவிட்டேன்.

ஆட்டோ டெபிட்டில் மறதிக்கு இடமில்லை, சரி. ஆனால் பிடிக்கிற அன்று கணக்கு காலியாக இருந்தால் அபராதம். டாக்டர் செலவுக்குச் சேர்க்கப் போய் இரண்டு தடவை அபராதம் கட்டியதும் நிறுத்திவிட்டேன்.

எஸ்எம்எஸ்ஸில் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. முதலில் வங்கியிலிருந்து வந்த 'சேமிக்க மறவாதீர்' வகையறாவை ஓடிபிக்களோடு சேர்த்துப் படிக்காமலே அழித்தேன். அப்புறம் எனக்கு நானே ஒரு வரி எழுதி, வாரம் ஒருமுறை வரும்படி வைத்தேன்: 'கடைவாய்ப்பல். இந்த வாரம் ஏதாவது போட்டாயா?' பார்த்ததும் நாக்கு அந்தப் பல்லைத் தேடிப் போகும், கை நூறோ இருநூறோ மாற்றிவிடும். இல்லாத வாரம் ஒன்றும் போடுவதில்லை, யாரும் அபராதம் கேட்பதில்லை. பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் வங்கி வாடிக்கையாளர்களிடம் பொருளாதார ஆய்வாளர் டீன் கார்லன் குழு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்விலும், எதற்காகச் சேமிக்கிறோம் என்பதையும் அதற்குக் கிடைக்கும் சலுகையையும் சேர்த்துச் சொன்ன நினைவூட்டல்களே கூடுதலாக வேலை செய்தன.

வரி குட்டையாக இருப்பது நல்லது. ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும், தமிழில் 70 தான், அதிலும் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு.

இதில் பராமரிப்பு ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஒரே வரி ஆறேழு வாரத்தில் கண்ணுக்குப் பழகிப்போய், வந்ததே தெரியாமல் போகிறது. வரியை மாற்ற வேண்டும், கிழமையையும் மாற்ற வேண்டும், மாற்றச் சோம்பல்பட்ட இரண்டு மாதம் ஒரு பைசா சேரவில்லை.

சேர்ந்ததை எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கலாமே என்பார்கள். கென்யாவில் பொருளாதார ஆய்வாளர்கள் பாஸ்கலின் டூபா, ஜொனாதன் ராபின்சன் இருவரும் உண்டியல் கொடுத்துப் பார்த்தார்கள் (2013-ல் வெளியானது). நோய்த்தடுப்புச் செலவுக்குக் கைகொடுத்தது சாவி அவரவரிடமே இருந்த பெட்டிதான், சாவியை வேறொருவர் வைத்திருந்த பெட்டி அல்ல. நானும் பூட்டவில்லை.

என் அனுபவம் ஒரு பல்லும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான். ஆபரேஷன் அளவு செலவை இது தாங்கும் என்று சொல்ல மாட்டேன், அதற்குக் காப்பீடு தனியாக வைத்திருக்கிறேன்.