எல்லாம் தடிமன் இல்லை

மட்டக்களப்பில் மூக்கு ஒழுகினால் அதற்கு ஒரே பெயர்: தடிமன். மார்கழி மழையில் நனைந்தவருக்கும் தடிமன், மாசியில் வேளாண்மை வெட்டுக்கு வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரை போய்ப் பதர்த்தூசியோடு வந்தவருக்கும் தடிமன். இரண்டு பேருக்கும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் சரி. எனக்கும் வெட்டுக்காலம் தவறாமல் அந்தத் தடிமன் வரும், ஒரு மாதம் போகாது. காய்ச்சல் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அது ஏன் என்று யோசிக்கவே எனக்குப் பல வருடம் பிடித்தது.

தடிமன் வைரஸால் வருவது. முதலில் தொண்டை கரகரக்கும், பிறகு மூக்கு ஒழுகும், இரண்டு மூன்று நாளில் சளி தடிக்கும். 7 முதல் 10 நாளில் ஆள் தெளிந்துவிடும், இருமல்தான் கொஞ்சம் இழுபடும். எனக்கு வந்தது தடிமன் இல்லை, ஒவ்வாமை. அதில் காய்ச்சல் வராது, இந்த நாள்கணக்கும் கிடையாது. தூசி இருக்கும்வரை அதுவும் இருக்கும். தும்மல் அடுக்கடுக்காக வரும், மூக்குநீர் தண்ணீர் மாதிரியே ஓடும். நான் முதலில் பார்ப்பது அரிப்பைத்தான். கண், மூக்கு, அண்ணாக்கு எல்லாம் கடிக்கும். தடிமனில் கண் கலங்கலாம், ஆனால் இப்படிக் கசக்கத் தோன்றாது.

வெட்டு முடிந்தும் நிற்கவில்லையா? தலையணையைச் சந்தேகியுங்கள். வாவிக்கரை ஈரக்காற்றில் பழைய பஞ்சுத் தலையணை, தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளுக்கு நல்ல குடியிருப்பு. விடிய எழும்பியதும் தும்மல் என்றால் பெரும்பாலும் அதுதான்.

சளி பச்சையாக வந்தால் அன்டிபயோட்டிக் வேண்டும் என்று பார்மசியில் கேட்டு நிற்பவர்களைப் பார்க்கிறேன். நிறத்தை வைத்து அப்படி முடிவெடுக்க முடியாது. சாதாரண தடிமனிலும் சளி நிறம் மாறும், வைரஸுக்கு அந்தக் குளிசை வேலையும் செய்யாது.

இன்ஃப்ளூவன்சா வேறு மாதிரி. காலையில் சந்தைக்குப் போனவர் பின்னேரம் பாயில் கிடப்பார். திடீர்க் காய்ச்சல், குளிர், உடம்பு முறிகிற வலி. கோவிட்டும் அப்படியே வரலாம். அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது, பரிசோதனைதான் வழி.

மாரியில் இன்னொன்றும் சேர்கிறது, அதுதான் எனக்குப் பயம். கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, ஆனால் மூக்கு ஓடவில்லை, தும்மலும் இல்லை என்றால் டெங்குவை நினையுங்கள். பனடோலை அளவோடு எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டது என்று நிம்மதி அடைகிற நேரத்தில்தான் டெங்கு மோசமாகும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும், காசநோயாகவும் இருக்கலாம்.

கடைசியாக முட்டு, அதாவது ஆஸ்துமா. ஒவ்வாமை உள்ள வீட்டில் முட்டும் அடிக்கடி இருக்கும். நெஞ்சு இறுகும், மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வரும், நடுச்சாமத்திலும் விடியற்புறத்திலும் இருமல் கூடும். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து அதை ஒளித்து வைக்கும் அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். அது அடிமையாக்கும் மருந்து இல்லை. ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க மூச்சுப் போதவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் கொத்தமல்லியும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். 1990 இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.