மர்க்கா பள்ளத்தாக்கு மலைநடைக்குப் பணம் கட்டும் முன் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்

லடாக்கின் மர்க்கா பள்ளத்தாக்கில் மலைநடை போவதற்காக லே நகரத்து முகவர்களிடம் பணம் கட்டவிருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குழுவை அழைத்துச் சென்ற நிறுவனம், பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கென்று தனியாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, அவற்றில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்து தரவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வேறு பெயர்ப்பலகையின் கீழும் இதே ஏமாற்று நடக்கலாம்.

மர்க்கா, ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் அமைந்த குளிர்ப் பாலைவனம். இமயமலையின் மழை மறைவில் இருப்பதால் லே பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. ஊர்களை ஒட்டிய வாற்கோதுமை வயல்களையும் ஆற்றோர வில்லோ மரங்களையும் தாண்டிவிட்டால் சரளைக்கல்லும் மொட்டைப் பாறையும்தான். கீழ்ப்பகுதிக்குச் சாலை வந்துவிட்டது என்றாலும், ஹன்கர் ஊருக்கு மேலே எதுவானாலும் நடந்தோ குதிரையிலோதான் இறங்க வேண்டும். செல்பேசி சிக்னலை நம்ப முடியாது; அரசின் அனுமதியின்றி சாட்டிலைட் போன் வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம். ஆகவே அங்கே வழிகாட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் வசதிக்காகக் கேட்டு வாங்கும் பொருள்கள் அல்ல.

அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டத்தில், ஹன்கருக்கும் நிமாலிங்குக்கும் நடுவே தச்சுங்சே என்ற இடத்தில் ஓர் இரவு தங்குவதாகத் தெளிவாகப் போட்டிருந்தார்கள். ஹன்கர் சுமார் 4,000 மீட்டர் உயரம். நிமாலிங் சுமார் 4,800. மூவாயிரம் மீட்டருக்கு மேலே, முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் படுக்கக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை அறிவுரை என்பதால், அந்த நடு இரவு மிக முக்கியமானது. எங்கள் வழிகாட்டியோ தச்சுங்சேயில் தேநீர் குடிக்கும் நேரம்கூட நிற்கவிடாமல் எங்களை ஒரே மூச்சில் நிமாலிங்குக்கு ஏற்றினார். நிமாலிங்குக்கு மேலே உள்ள கணவாய்க்கு அப்பால் எங்களை ஏற்றிப்போக வேண்டிய வண்டியை நிறுவனம் ஒரு நாள் முன்னதாகவே வரும்படி ஏற்பாடு செய்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் கூலியையும் சாப்பாட்டையும் மிச்சம் பிடிப்பதற்காக எங்கள் உடலோடு விளையாடியிருக்கிறார்கள்.

அன்று மாலையே எங்களோடு வந்த திருச்சி நண்பருக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கின. சற்று நேரத்தில், ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னபோது, அவரால் நான்கு அடிகூடத் தள்ளாடாமல் வைக்க முடியவில்லை. மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம் அது. உடனே கீழே இறக்குவதுதான் அதற்கு வைத்தியம். வழிகாட்டி, மலை உயரத்தால் வரும் நோய்க்குக் கொடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, "சார், காலையில் சரியாகிவிடும், கணவாயைத் தாண்டினால் வண்டி நிற்கும்" என்றார். அந்தக் கணவாயான கோங்மாரு லா 5,200 மீட்டருக்கும் மேல்! சிலிண்டரைக் கொண்டுவரச் சொன்னோம். புதிதாகப் பச்சை வண்ணம் பூசிய சிலிண்டர், முகமூடியின் குழாய் வெயிலில் காய்ந்து விண்டிருந்தது. திருகைத் திறந்தபோது சிறு சீறல்கூட வரவில்லை. அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. முதலுதவிப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லி அனுப்பப்பட்ட அந்த இளைஞர், அந்தப் பாதையில் வருவதே முதல்முறை என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவரையும் அந்த நிறுவனம்தான் அங்கே தள்ளிவிட்டிருக்கிறது.

கோடையில் ஆடுகளையும் யாக்குகளையும் மேய்க்க நிமாலிங்குக்கு வரும் ஊர்க்காரர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஒரு குதிரைக்காரர், கூலி பேசாமலேயே சேணத்தைப் பூட்டி, பகல் வெயிலில் உருகிய பனிநீரால் பெருகியிருந்த ஓடையை எங்கே கடப்பது என்று தானே முன்னால் இறங்கிப் பார்த்து, இருட்டில் எங்களை ஹன்கர் வரை கொண்டுவந்து சேர்த்தார். கீழே இறங்க இறங்க நண்பருக்குப் பேச்சுத் தெளிந்தது. ஹோம்ஸ்டே வீட்டு அம்மா விடியும்வரை அடுப்பை அணையவிடவில்லை.

லேவுக்குத் திரும்பி அலுவலகத்தில் கேட்டபோது, "பாதியில் திரும்பியது உங்கள் முடிவு, பணம் திரும்பக் கிடைக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சிலிண்டரைப் பற்றிக் கேட்டால் வழியில் கசிந்திருக்கும் என்றார்கள்.

எனவே பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன், லேவிலேயே சிலிண்டரையும் மானியையும் முகமூடியையும் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் 130 பார் அளவையொட்டி இருக்க வேண்டும். வழிகாட்டியை நேரில் வரவழைத்து, எந்தெந்த இடத்தில் ஓடையைக் கடக்க வேண்டும், நிமாலிங்கில் ஒருவருக்கு முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறக்குவார் என்று கேளுங்கள். அந்தப் பாதையில் நடந்தவர் தயங்காமல் பதில் சொல்வார். தங்கும் இடங்களை நாள்வாரியாக எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். யார் வற்புறுத்தினாலும் தச்சுங்சே இரவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இதற்காக மறுபடி லடாக் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். ரசீது, பயணத் திட்டம், வாட்ஸ்அப் உரையாடல், மானியின் முள் தெரியும்படி எடுத்த படம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். எங்கள் புகாருக்கு இப்போது பலமாக இருப்பவை இவைதான்.