பங்கைக் "குத்தகைக்கு விடலாம்" என்பவனிடம் ஜாக்கிரதை: எனக்கு ரூ. 6,84,000 போச்சு

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். என் பங்கை அடமானம் வைத்து ஒரு புரோக்கர் ஆபீஸ் செய்த வியாபாரத்தில் எனக்குப் போனது ரூ. 6,84,000. போலி ஆப் இல்லை, வாட்ஸ்அப் குரூப் இல்லை, முகம் தெரியாத வடநாட்டு நம்பரும் இல்லை. ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில், பங்கு வாங்கி விற்றுத் தரும் ஒரு பெரிய புரோக்கிங் கம்பெனியின் போர்டு மாட்டி, பதிவு எண்ணை லேமினேட் செய்து சுவரில் ஒட்டி, ஏசி போட்டு நடக்கிற ஆபீஸ். கம்பெனி பெயரை எழுதவில்லை. புகார் நடக்கும்போது பெயர் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எனக்குப் பங்குச் சந்தை புதிது இல்லை. அப்பா காலத்திலிருந்தே வீட்டில் பங்கு உண்டு. கும்பகோணத்துக்காரன் வீட்டில் சிட்டி யூனியன் பேங்க் பங்கு கொஞ்சமாவது இல்லாமல் இருக்காது. 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று இங்கேயே ஆரம்பித்தது. அதோடு நான் வாங்கிச் சேர்த்த சில பங்குகள், ஐந்து மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதா மாதம் போடும் தவணை). இவ்வளவுதான் என் போர்ட்ஃபோலியோ. ஐந்து ஃபண்ட் தேவையா, எதை நிறுத்துவது என்று ஒரு சந்தேகம். அதைக் கேட்கத்தான் 2024 பிப்ரவரியில் அந்த மாடிக்குப் போனேன்.

அங்கே என்னைக் கவனித்த பையனுக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்தான், அவன் பெரியப்பாவை எனக்குத் தெரியும். நெற்றியில் விபூதி, வாய் நிறைய "அண்ணே". தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் என் ஐந்து ஃபண்ட் பெயரையும் வரிசையாக எழுதினான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது அதிகம் வைத்திருக்கும் பங்குகளை எழுதினான். எச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், ரிலையன்ஸ், மறுபடி எச்டிஎஃப்சி பேங்க், மறுபடி ஐசிஐசிஐ. பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தான். "பாருங்கண்ணே, அஞ்சு ஃபண்டுன்னு பேரு, உள்ள இருக்கிறது எல்லாம் ஒண்ணு. பெரிய கம்பெனிகள்ல போடுற லார்ஜ் கேப் ஒண்ணு போதும், மூணை நிறுத்திடுங்க."

அந்த இடத்தில்தான் நான் அவனை நம்பினேன். சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்கும் சரி. விற்க வந்தவன் எவனும் ஃபண்டை நிறுத்து என்று சொல்லமாட்டானே! (இடையில் ஏஜென்ட் இல்லாமல் ஃபண்ட் கம்பெனியிடமே வாங்கும் டைரக்ட் பிளான் என்று ஒன்று 2013-லிருந்து இருக்கிறது, அதில் கமிஷன் கிடையாது என்பதை மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. அது தனிக் கதை.)

அடுத்த வாரம் அவனே போன் செய்தான். "அண்ணே, உங்க பங்கெல்லாம் சும்மாதானே கிடக்குது? நெலத்தைக் குத்தகைக்கு விடுற மாதிரிதான் இது. பங்கு உங்க பேர்லயே இருக்கும், டிவிடெண்டும் உங்களுக்கே வரும். அதைக் காட்டி நாங்க ஆப்ஷன் செல்லிங் பண்ணுவோம், மாசம் ரெண்டு பர்சென்ட் குத்தகை வந்துடும்." விவசாயக் குடும்பத்துக்காரனிடம் எதைச் சொன்னால் மனசில் இறங்கும் என்று தெரிந்து சொல்லியிருக்கிறான். எந்தக் குத்தகைக்காரன்டா மகசூல் பொய்த்ததும் நிலத்தையே விற்றுவிட்டுப் போனான்?

அவன் சொன்ன "குத்தகை"க்கு உண்மையான பெயர் பிளெட்ஜ். பங்குகளை அடமானமாகக் காட்டி, அதற்குக் கிடைக்கும் மார்ஜினில் (பிணைத்தொகையில்) எஃப் அண்ட் ஓ வியாபாரம் செய்வது. எஃப் அண்ட் ஓ என்றால் ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ், வருங்கால விலையை வைத்துப் போடும் பந்தயம் மாதிரியான ஒப்பந்தங்கள். ஆப்ஷனை விற்பவனுக்கு வரும் லாபம் கையில் வாங்கும் பிரீமியம் மட்டுமே. நஷ்டத்துக்கு அப்படிக் கணக்கு கிடையாது, சந்தை எதிர்ப்பக்கம் போகப் போக ஏறிக்கொண்டே போகும். இதை அவன் சொல்லவே இல்லை. மார்ஜினில் பாதி ரொக்கமாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதற்காக ரூ. 3,50,000 போடச் சொன்னான். சம்பா நெல்லைக் குவிண்டால் 2,310 ரூபாய்க்குக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணமும், சீட்டு எடுத்த பணமும் சேர்த்துப் போட்டேன்.

ஒரு கட்டு ஃபாரம் கொண்டுவந்தான், பென்சிலில் டிக் போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து. அந்தக் கட்டுக்குள் என் ஈமெயில் முகவரியை மாற்றும் படிவமும் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. மாற்றிய முகவரி யாருடையது? அவர்கள் ஆபீஸுடையது. லாகினும் அவனிடம்தான். புரோக்கர் ஆப்பில் நுழைந்தாலே, எஃப் அண்ட் ஓ-வில் தனிநபர்கள் 10 பேரில் 9 பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று ஒரு எச்சரிக்கை வரும். 2021-22 கணக்கை வைத்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி செய்த ஆய்வு அது, காட்டியே ஆக வேண்டும் என்று 2023 ஜூலையிலிருந்து கட்டாயம். அதைப் படித்தேன் என்று தினமும் அழுத்தியது அவன் விரல். என் கண்ணில் ஒரு நாளும் படவில்லை.

மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் பணம் வந்தது. மொத்தம் 27,000. "குத்தகை வந்துடுச்சாண்ணே?" என்று போன் வேறு. நடுநடுவே "அண்ணே, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்பான். கடையில் வியாபாரம் ஓடிக்கொண்டிருக்கும், சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ஜூன் 1 சனிக்கிழமை நாடாளுமன்றத் தேர்தல் எக்ஸிட் போல் வந்தது. ஜூன் 3 திங்களன்று சந்தை தாவியது, சந்தைக் குறியீடான நிஃப்டி 23,263-ல் முடிந்தது. அன்றைக்குப் புட் ஆப்ஷனை (சந்தை விழுந்தால் விற்றவனுக்கு நஷ்டம் தரும் ஆப்ஷன்) அவன் விற்றுக் குவித்திருக்கிறான். நிஃப்டியில் போதாதென்று, பேங்க் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியிலும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் தேர்தல் முடிவு. நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து 21,884. ரொக்கம் 3,50,000 முழுதும் போய், பற்றாக்குறைக்கு ரூ. 3,34,000 மதிப்புள்ள பங்குகளை அன்றைக்கு இருந்த அடிமட்ட விலைக்கு விற்றுவிட்டார்கள். ஆக ரூ. 6,84,000. வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஜூன் 7 வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290. விழுந்ததெல்லாம் அந்த வாரத்துக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது. சும்மா கிடந்த பங்கு சும்மாவே கிடந்திருந்தால் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

இனி அலைக்கழித்த கதை. முதலில் போன் எடுக்கவில்லை. நேரில் போனால் ரிசப்ஷனில் இருக்கும் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, "சார் திருச்சி மீட்டிங்ல இருக்காங்க" என்றது. அடுத்த முறை சென்னை மீட்டிங். ஒரு நாள் மாடிப்படியிலேயே பிடித்துவிட்டேன். "மார்க்கெட்ல இதெல்லாம் சகஜம்ணே, எக்ஸிட் போல் நம்ம எல்லாரையும்தான் ஏமாத்திடுச்சு" என்றான். நம்ம எல்லாரையுமாம்! அவன் காசு எவ்வளவு போச்சு என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்கு மேல் ஒன்று சொன்னான் பாருங்கள்: "இன்னொரு ரெண்டு லட்சம் போட்டீங்கன்னா ரெக்கவர் பண்ணிடலாம்ணே." மேட்டூர் 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்கவில்லை, குறுவைக்கே வழியில்லாமல் இருந்தது, இவனுக்கு இன்னொரு ரெண்டு லட்சம்.

கம்பெனியின் கஸ்டமர் கேர் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் புதிய டிக்கெட் நம்பர், புதிய ஆள், முதலிலிருந்து கதை. "உங்கள் பதிவு செய்யப்பட்ட ஈமெயிலுக்குக் காண்ட்ராக்ட் நோட் தினமும் அனுப்பியிருக்கிறோம் சார்." (காண்ட்ராக்ட் நோட் என்பது அன்றன்றைய வியாபாரத்தின் கணக்குச் சீட்டு.) அது என் ஈமெயில் இல்லையே என்றால், "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது சார்." பங்குச் சந்தை எக்ஸ்சேஞ்சிலிருந்து எஸ்எம்எஸ் வந்திருக்குமே என்கிறார்கள். வந்தது. இன்று இவ்வளவு ரூபாய்க்கு வியாபாரம், மற்றதை ஈமெயிலில் பார்க்கவும் என்று ஒரு வரி. எந்த ஈமெயிலில் போய்ப் பார்ப்பது? கடைசியாக ஒரு மேலதிகாரி பேசினார். ஓடிபி கொடுத்தது நீங்கள், லாபம் வந்தபோது மூன்று மாதம் வாங்கிக்கொண்டீர்கள், எனவே சம்மதம் இருக்கிறது என்றார். ரூ. 6,84,000-க்கு அவர் செலவழித்தது நாலு நிமிஷம்.

காவல் நிலையத்தில் "இது கொடுக்கல் வாங்கல், சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மச்சான் வந்து உட்கார்ந்து, ஈமெயிலை மறுபடி என் பெயருக்கு மாற்றி, பழைய காண்ட்ராக்ட் நோட் எல்லாவற்றையும் வாங்கித் தந்தார். அதைப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது. காலையில் வாங்கி மதியம் விற்று, மறுபடி வாங்கி மறுபடி விற்று, பக்கம் பக்கமாக ஓடுகிறது. புரோக்கரேஜ் என்று போட்டிருந்த கட்டத்தை மட்டும் மச்சான் கால்குலேட்டரில் கூட்டினார். நான் 27,000 வாங்கிய அதே மூன்று மாதத்தில் என் கணக்கில் பிடித்த புரோக்கரேஜ் 58,000. அதில் ஒரு பங்கு மாடி ஆபீஸுக்கு, ஒரு பங்கு கம்பெனிக்கு. நான் ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு வரும்படி நிற்காது. இதற்கா "அண்ணே, அண்ணே"!

சுவரில் ஒட்டியிருந்த பதிவு எண் நிஜம்தான், பார்த்துவிட்டோம். ஆனால் அது வாடிக்கையாளர் சொல்லும் ஆர்டரைப் போடுவதற்கான பதிவு. அடுத்தவர் பணத்தைத் தன் இஷ்டத்துக்கு நிர்வகிக்க செபியிடம் போர்ட்ஃபோலியோ மேனேஜர் என்று தனிப் பதிவு வேண்டும், அதற்குக் குறைந்தபட்ச முதலீடே 50 லட்சம். மாசம் இத்தனை பர்சென்ட் என்று உறுதி சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. ஆக அவன் செய்தது முழுக்க முழுக்க விதிமீறல், அந்தக் கம்பெனிக்கும் இது தெரியாமல் இருக்காது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இதற்கு மேல் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: இன்றைக்கே புரோக்கர் கணக்கைத் திறந்து, அதில் இருக்கும் ஈமெயிலும் மொபைலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். எஃப் அண்ட் ஓ வேண்டாம் என்றால் அந்த செக்மென்டையே மூடச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள், அந்த எஸ்எம்எஸ்ஸில் பிளெட்ஜ் என்ற சொல் இருந்தால் உடனே போனை வையுங்கள். டெபாசிட்டரியிலிருந்து (நம் பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் அமைப்பு) மாதா மாதம் வரும் ஸ்டேட்மென்டைத் திறந்து பாருங்கள். வராவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிந்தாயிற்று. 21 நாளுக்குள் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். அதில் ஒத்துவராவிட்டால் ஆன்லைன் மத்தியஸ்தம், ஸ்மார்ட் ஓடிஆர். என் ரூ. 6,84,000-ஐ விடுவதாக இல்லை. இதே மாடியில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்கும் இப்படி நடந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சார், இதைப் பார்த்தால் என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். கையில் இருக்கும் காண்ட்ராக்ட் நோட், எஸ்எம்எஸ், அவனோடு பேசிய போன் பதிவு எதையும் அழித்துவிடாதீர்கள்.