கராத்தே போரடித்தால்: லீவு போடுவதா, கம்பெடுப்பதா, அங்கேயே கிடப்பதா?

மதுரை அண்ணா நகரில் ஒரு மொட்டை மாடியில், சாயங்காலம் ஆறரைக்குத்தான் எங்கள் கராத்தே வகுப்பு. சேர்ந்து மூன்றாவது வருடத்தில், பச்சை பெல்ட் வாங்கின கொஞ்ச நாளிலேயே, வண்டியை எடுக்கும்போதே கொட்டாவி வர ஆரம்பித்தது. இச்சி, நி, சான் என்று மாஸ்டர் எண்ண, எல்லாரும் அதே குத்தை அதே வரிசையில் குத்துவோம், அப்புறம் ஹெயான் ஷோதான், அது முடிந்ததும் மறுபடி ஹெயான் ஷோதான். இது ஷோடோகான் என்கிற கராத்தே பிரிவில் புதிதாகச் சேர்ந்தவனுக்கே சொல்லித்தருகிற கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்கிற அசைவுக் கோர்வை, மொத்தம் 21 அசைவுதான். தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

லீவு போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். சித்திரைத் திருவிழா முடியட்டும் என்று நின்றேன், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார், அப்புறம் கத்திரி வெயில், அப்புறம் ஆபீஸ் ஆடிட், இப்படியே நாலு மாசம். திரும்பிப் போன அன்று வார்ம்-அப்பிலேயே மூச்சு வாங்கிவிட்டது. முட்டி வலி, தோள்பட்டை வலி என்றால் கட்டாயம் லீவு எடுங்கள். போரடிக்கிறதுக்கு லீவு எடுத்தால் போரடிப்பதோடு தொப்பையும் சேரும்.

அடுத்தது கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு, அப்புறம் போட்டி. தேதி குறித்துவிட்டால் உடம்பு தானாகக் கிளம்பும், அது உண்மைதான். ஆனால் கிரேடிங்குக்கு முந்தைய பத்து நாள் பறக்கிறோம், பெல்ட் கைக்கு வந்த மறுவாரமே பழைய கொட்டாவி, அதற்கும் தனியாக ஃபீஸ். சின்னப் பசங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒலிம்பிக் கனவோடு பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது, 2024 பாரிஸில் இல்லை. டேக்வாண்டோ 2000-லிருந்து விடாமல் இருக்கிறது. நம்ம சிலம்பமோ 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம் பிடித்தது. அதை நடத்திய நாலு ஊர்களில் மதுரையும் ஒன்று.

சரி, சிலம்பத்துக்கு வருவோம், எனக்கு அதிகம் ஆசை இருந்ததும் அதில்தான். ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை கண்ணுக்கு எதிரே படுத்திருக்கிற ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வகுப்பு. மூன்று வாரமாகக் கம்பே கையில் தரவில்லை, வெறும் காலடிதான். "கம்பு எப்ப வாத்தியாரே?" என்று கேட்டேன். "கால் நிக்கட்டும் தம்பி, கம்பு தானா சுத்தும்" என்றார். போரடிக்கிறதென்று ஓடிவந்தவனுக்கு அதைவிடப் போரடிக்கிற பாடம்!

ஆனாலும் கம்பு கைக்கு வந்ததும் ஒரு பெரிய வித்தியாசம் தெரிந்தது. கராத்தேயில் நான் தப்பாக நின்றால் மாஸ்டர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு, சொல்லாவிட்டால் அந்தத் தப்போடு வருடக்கணக்கில் ஓட்டலாம். சிலம்பத்தில் கம்பே சொல்லிவிடும், மணிக்கட்டு கொஞ்சம் பிந்தினால் கணுக்கால் எலும்பில் 'டக்'கென்று விழும், கண்ணில் தண்ணீர் வரும். அடி வாங்குகிறவனுக்கு எங்கே போரடிக்கும்? ஆனால் மூணாவது மாசம் அடி விழுவது குறைந்தது, குறைந்ததும் அதே கொட்டாவி. அப்போதுதான், சனியன் மொட்டை மாடியில் இல்லை, என்கூடவே பைக்கில் வருகிறது என்று புரிந்தது.

கடைசியாகப் பழைய வகுப்பிலேயே கிடந்து பார்த்தேன், ஆனால் வேறு மாதிரி. மொபைலை தண்ணீர் டேங்க் மேல் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். ஒவ்வொரு குத்துக்கும் என் பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, மூன்று வருடமாக! அப்புறம் அதே ஹெயான் ஷோதானை இடம் வலம் மாற்றிச் செய்து பார்த்தேன். முதல் திருப்பத்தை வலது பக்கம் ஆரம்பித்தேன், ஆறாவது அசைவிலேயே எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. தூக்கத்தில் செய்வேன் என்றவன் முழித்துக்கொண்டே தடுமாறினேன். இதற்குப் பைசா செலவில்லை, ஆனால் தனியாகச் செய்தால் ரெண்டு வாரத்தில் விட்டுவிடுவோம்.

விடாமல் பிடித்து வைத்தது வெள்ளை பெல்ட் பசங்கதான். மாஸ்டர் ஆறு பொடிசுகளை என் தலையில் கட்டினார். அதில் ஒருத்தி, எட்டு வயசு இருக்கும், "அங்கிள், ஒரு கை குத்தும்போது இன்னொரு கைய ஏன் இடுப்புக்கு இழுக்கறோம்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னைக் குத்தச் சொல்லி, நீட்டின கையைப் பிடித்து இடுப்புக்கு இழுத்தார், நான் முன்னால் சாய, அவருடைய இன்னொரு முஷ்டி என் மூக்குக்கு நேராக வந்து நின்றது. இழுக்கிற கை சும்மா இழுக்கவில்லை, எதிராளியைக் கொண்டுவருகிறது. மறுநாள் அந்தப் பழைய குத்தை வேறு ஆளாகக் குத்தினேன்.

என்னைக் கேட்டால் முதலில் பழைய வகுப்பிலேயே இப்படி வேறு மாதிரி கிடந்து பாருங்கள், கூடவே ஞாயிறு ஒரு நாள் கம்பு. நான் இப்போது அப்படித்தான். ஒரேயடியாக இடம் மாற வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு, மறுக்கவில்லை. இதற்கு முன்னால் நான் போன ஒரு வகுப்பில் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டே எண்ணுவார். ஒரு மாசத்தில் ஒரு தடவைகூட உங்கள் காலையோ கையையோ யாரும் திருத்தவில்லை என்றால் அந்த மாச ஃபீஸோடு கணக்கை முடித்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள். திருத்திக்கொண்டே இருக்கிற மாஸ்டர் கிடைத்தும் போரடிக்கிறது என்றால், இன்றைக்கே போனைச் சாய்த்து வைத்து அந்தக் குதிகாலைப் பாருங்கள்.